நிலைமின்னும் நினைவக அட்டையும்: ஒகேனக்கல்லை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பிணையத் திசைவிகளில் நினைவக அட்டையைப் பொருத்தும்போது மேற்கொள்ளப்படும் நிலைமின் காப்பு முறை, இரு வேறு அறிவு மரபுகள் இணைந்ததன் விளைவாகும். அருவி மின்னூட்டம் குறித்த இயற்பியல் ஆய்வு ஒன்று; குறைகடத்தித் தொழில் தந்த பட்டறிவு மற்றொன்று. இவ்விரண்டையும் ஒகேனக்கல்லின் சூழலில் வைத்து நோக்கும் இக்கட்டுரை, காப்பு முறையின் நோக்கம் தமிழ் வழக்கில் பிறழ உணரப்படுவதைச் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: நிலைமின், மின்னிறக்கம், நினைவக அட்டை, திசைவி, ஒகேனக்கல்.

முன்னுரை

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் காவிரி அருவியாக விழும் இடம் ஒகேனக்கல். பால் 'ஹாலு' என்றும் புலி 'ஹுலி' என்றும் கன்னடத்தில் திரிந்ததைப் போலவே, புகை என்னும் சொல்லுக்கு இனமான சொல் அம்மொழியில் 'ஹொகெ' என வழங்குகிறது. 'புகையும் கல்' என்னும் பொருளுடைய இவ்வூர்ப்பெயர், பாறையில் மோதிச் சிதறும் நீர்த்திவலையைக் குறிக்கிறது. இத்திவலையே நிலைமின் வரலாற்றின் ஒரு முக்கிய இயலோடு தொடர்புடையது.

அருவியும் மின்னூட்டமும்

தேய்த்த அம்பர் துரும்பை ஈர்ப்பது பண்டைய கிரேக்கர் அறிந்த செய்தி. 1600இல் வில்லியம் கில்பர்ட் இவ்வீர்ப்பைக் காந்த ஈர்ப்பிலிருந்து பிரித்துக் காட்டினார். 1757இல் யோகான் கார்ல் வில்கே, ஒன்றோடொன்று உராயும்போது எப்பொருள் எவ்வகை மின்னூட்டம் பெறும் என்பதை வரிசைப்படுத்தினார்.

உராய்வின்றி நீர் சிதறுவதாலும் மின்னூட்டம் தோன்றும் என்பது அருவிக்கரையில் அறியப்பட்டது. 1786இல் சுவிட்சர்லாந்தின் இசுடௌபாக் அருவியருகே காற்று எதிர்மின்னூட்டம் பெற்றிருப்பதை யோகான் கேயார்க் திராலெசு கண்டார். 1892இல் பிலிப் லெனார்டு இதனை முறையாக ஆராய்ந்து, நீர்த்துளி மோதிச் சிதறும்போது நுண்திவலையும் சுற்றுக்காற்றும் எதிர்மின்னூட்டமும், பெருந்துளி நேர்மின்னூட்டமும் பெறுவதை விளக்கினார். இவ்விளைவு எல்லா அருவிகளுக்கும் பொதுவானது, ஒகேனக்கல்லும் விலக்கன்று.

ஆயினும் மின்னூட்டத்தைத் தோற்றுவிக்கும் அதே நீர், அதனைக் கலைக்கவும் செய்கிறது. ஈரக்காற்றில் பொருள்களின் மேற்பரப்பில் படியும் மெல்லிய நீர்ப்படலம், தேங்கிய மின்னூட்டம் கசிந்தகல வழிதருகிறது. 1980இல் வெளிவந்த அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக் கையேடு இதனை எண்களால் காட்டியது. கம்பளத்தில் நடப்பவர் உடலில், ஒப்பீரப்பதம் 10 முதல் 20 விழுக்காடாக உள்ளபோது 35,000 வோல்ட் வரை ஏறக்கூடும். 65 முதல் 90 விழுக்காடாக உள்ளபோது அது 1,500 வோல்ட்டே.

நினைவகத்தின் மாற்றம்

நிலைமின் ஓர் ஆய்வுப்பொருள் என்ற நிலையிலிருந்து தொழில் இடராக மாறியதற்கு நினைவகத்தின் உள்ளமைப்பு மாறியதே காரணம். 1973இல் மேற்கு செருமனியின் உதவியுடன் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பட்ட ஐபிஎம் 370/155 கணினியின் முதன்மை நினைவகம் காந்த வளையங்களால் ஆனது. விரல்நுனி மின்பொறி அவ்வளையங்களுக்குத் தீங்கு செய்வதில்லை.

ஆனால் அதற்குள் மாற்றம் தொடங்கிவிட்டது. இராபர்ட் தென்னார்டு 1968இல் காப்புரிமை பெற்ற ஒற்றைத் திரிதடைய நினைவுக்கலமும், இன்டெல் நிறுவனம் 1970இல் வெளியிட்ட 1103 சில்லும் குறைகடத்தி நினைவகத்திற்கு வழிவகுத்தன. இவ்வகைச் சில்லில் மின்வாயைத் தாங்கும் ஆக்சைடு படலம் அக்காலத்தில் ஏறத்தாழ 100 நானோமீட்டர் தடிப்புடையது. அது தாங்கும் அழுத்தமும் ஏறத்தாழ 100 வோல்ட். படலம் மெலிய மெலியத் தாங்குதிறனும் குறைந்தது. மனிதர் தம் உடலிலிருந்து பாயும் மின்னிறக்கத்தை உணர ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். எனவே அட்டையைச் சிதைக்கும் மின்னிறக்கம், அதைக் கையாள்பவருக்குத் தெரியாமலே நிகழ்ந்துவிடுகிறது.

இவ்விடைவெளியே தரமுறைகளைத் தோற்றுவித்தது. 1982இல் அமெரிக்காவில் நிலைமின்னிறக்கச் சங்கம் உருவானது, 1999இல் எசு20.20 என்னும் தரமுறை வெளிவந்தது. சோதனைக்காக மனித உடல், 100 பிக்கோபாரட் மின்தேக்கியாகவும் 1,500 ஓம் தடையாகவும் உருவகிக்கப்பட்டது.

பொருத்தும் முறையும் அதன் பொருளும்

திசைவியின் மின்னிணைப்பைத் துண்டித்தல், மணிக்கட்டுப் பட்டையைச் சட்டகத்தின் வண்ணம் பூசப்படாத உலோகப் பகுதியில் இணைத்தல், அதன் பின்னரே காப்புறையிலிருந்து அட்டையை எடுத்தல், தொடுமுனைகளைத் தீண்டாமல் விளிம்பைப் பற்றுதல், வெட்டுக்குறியைப் பொருத்திச் சீராக அழுத்துதல் என்பன நிலைபெற்ற படிகள். இவற்றின் அடிப்படை ஒன்றே: கை, அட்டை, சட்டகம் மூன்றும் ஒரே மின்னழுத்தத்தில் இருத்தல். அழுத்த வேறுபாடு இல்லாதவிடத்து மின்னிறக்கமும் இல்லை.

பட்டையில் உள்ள 1 மெகாவோம் தடை அட்டைக்காக அமைந்ததன்று. பட்டை அணிந்தவர் தவறுதலாக 230 வோல்ட் கம்பியைத் தொட்டாலும் அவர்வழிப் பாயும் மின்னோட்டம் 0.23 மில்லியாம்பியரைத் தாண்டாதவாறு அது காக்கிறது. ஆகவே பட்டை அட்டைக்குக் காப்பு. தடை மனிதருக்குக் காப்பு. தமிழ்ப் பேச்சு வழக்கில் 'எர்த்து' என்னும் சொல், மனிதருக்கு மின்னதிர்ச்சி நேராமல் காக்கும் ஏற்பாட்டையே குறிக்கிறது. அதனால் பட்டையும் அவ்வகையினதாகக் கருதப்பட்டு, மின்னிணைப்பு துண்டிக்கப்பட்ட கருவிக்குத் தேவையற்றதாக ஒதுக்கப்பட இடமுண்டு. 'நிலைமின்' என்ற சொல்லும் தேங்கிய நிலையை உணர்த்துகிறதேயன்றிக் கேடு விளைக்கும் கணநேரப் பாய்ச்சலை உணர்த்துவதில்லை. 'மின்னிறக்கம்' என்பதே அதனைச் சுட்டும் சொல்.

ஒகேனக்கல் வட்டாரம்

ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் சப்பான் நாட்டுக் கடனுதவியுடன் 2008இல் தொடங்கி, 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. புளோரைடு மிகுந்த நிலத்தடி நீருக்கு மாற்றாக இந்த ஆற்றுநீர், வறண்ட தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்குச் செல்கிறது. நீர் செல்லும் இப்பரப்பில் அருவியின் ஈரம் இல்லை. கோடையில் காற்று உலர்ந்தே காணப்படும். ஊராட்சிகள் ஒளியிழையால் இணைக்கப்பட்டுவரும் இந்நாளில், திசைவியின் பழுது அலுவலகப் பணியை நிறுத்திவிடக் கூடியது. மின்னிறக்கத்தால் பாதி சிதைந்த அட்டை உடனே பழுதாகாமல், சில வாரங்கள் இயங்கிப் பின் தவறுவதும் உண்டு. அப்போது காரணம் மறைந்துவிட, பழி மின்வழங்கல் மீதோ பழுதுநீக்குநர் மீதோ விழுகிறது.

முடிவுரை

காற்றின் ஈரத்தை நம்பிக் காப்பு முறையைக் கைவிடுதல் பொருந்தாது. ஈரம் மின்னூட்டத்தைக் குறைக்குமேயன்றி ஒழிக்காது. 1,500 வோல்ட் எனினும் அது 100 வோல்ட் தாங்கும் படலத்தைச் சிதைக்கப் போதுமானது. தமிழில் எழுதப்படும் தொழிற்கல்வி நூல்கள் படிகளை வரிசைப்படுத்துவதோடு அமையாமல், பட்டை எதைக் காக்கிறது என்பதையும் தெளிவுறுத்த வேண்டும். கலைச்சொல்லாக்கத்தில் 'நிலைமின்' என்பதோடு 'மின்னிறக்கம்' என்பதையும் இணைத்து வழங்குதல் அத்தெளிவுக்கு முதற்படியாகும்.