புராண நிலவியலில் தீவு, கண்டம், நாட்டுப் பெயர்கள்

தமிழ் நூல்கள் கற்பனையில் கண்ட உலகின் நிலப்பிரிவுகளுக்கு வழங்கிய பெயர்கள் இங்கே கூறப்படுகின்றன. இவற்றில் இரு மரபுகள் உண்டு. ஏழு தீவு, ஒன்பது கண்டம் என்று எண்ணுவது புராண மரபு. கடல்கொண்ட தென்னாட்டின் பெயர்களை அடுக்குவது உரையாசிரியர் மரபு. தனித்தனியே பிறந்த இவ்விரண்டும் 20ஆம் நூற்றாண்டில்தான் ‘குமரிக் கண்டம்’ என்ற பெயருக்குள் ஒன்றாயின.

புராண மரபில் நிலவுலகம் ஒன்றையொன்று வளையமாகச் சூழ்ந்த ஏழு தீவுகளால் ஆனது. ஒவ்வொரு தீவையும் சூழ்ந்து ஒரு கடல்: உப்புநீர், கருப்பஞ்சாறு, மது, நெய், தயிர், பால், நன்னீர் என ஏழு. வடமொழியில் சம்பு, பிலட்சம், சால்மலி, குசம், கிரவுஞ்சம், சாகம், புட்கரம் எனப்பட்ட தீவுகள் தமிழில் நாவலந்தீவு, இறலித்தீவு, இலவந்தீவு, குசைத்தீவு, கிரவுஞ்சத்தீவு, தெங்கந்தீவு, புட்கரத்தீவு என்று வழங்கின. சம்புவை நாவலாகவும் சால்மலியை இலவாகவும் ஆக்கியது நேரான மொழிமாற்றம். தெங்கந்தீவு அப்படியன்று; சாகம் என்பது தேக்கு, தெங்கு என்பதோ தென்னை. 

நடுத் தீவான நாவலந்தீவுதான் நாம் இருக்கும் இடம். அசோகரின் சிறு பாறைக் கல்வெட்டுகளில் இப்பெயர் பிராகிருத வடிவில் வருகிறது. மணிமேகலையில் நாவலந்தீவோடு மணிபல்லவமும் சாவகமும் அருகருகே நிற்கின்றன. அமுதசுரபி என்ற அள்ளக் குறையாத பாத்திரம் கிடைத்த மணிபல்லவமும் மெய்யான சாவாவும் அக்கதையில் ஒரே கடலில்தான் கிடக்கின்றன. எது கண்ட இடம், எது கேட்ட இடம் என்று புலவர் பிரித்துக் காட்டவில்லை.

நாவலந்தீவு என்ற இந்த முகவரி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பூசைக்கு முன் சொல்லும் சங்கல்பத்தில் சம்புத்தீவு, பாரத வருடம், பரத கண்டம், மேரு மலையின் தென்புறம் என்று இடம் குறிக்கப்பட்ட பிறகே நாளும் பெயரும் நட்சத்திரமும் வரும். ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரத்தில், கார்த் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்திலேயே வல்லக்கோட்டை முருகன் கோயில் இருக்கிறது. தென்கொரிய நிறுவனத்தின் பெயரைத் தாங்கி இருங்காட்டுக்கோட்டையில் செய்யப்பட்ட வண்டிக்குச் சங்கல்பம் செய்து பூசை போட்டால், அதற்கும் சம்புத்தீவுதான் விலாசம்.

அந்த வட்டாரம் அமைந்த காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, காஞ்சிக் குமரகோட்டம் என்ற முருகன் கோயிலில் அர்ச்சகராக இருந்தவர் கந்தபுராணம் பாடிய கச்சியப்ப சிவாசாரியார். நாளொன்றுக்கு நூறு பாட்டு எழுதிக் கருவறையில் வைப்பார், மறுநாள் திறந்தால் முருகனே திருத்தியிருப்பான் என்பது தலமரபு. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட இந்நூலில் அண்டகோசப் படலம் என்றொரு பகுதி உண்டு. முருகனை எதிர்க்கும் அசுரன் சூரபன்மன் 1008 அண்டங்களை ஆள வரம் பெற்றவன் என்பதால், அண்டம் எப்படி அமைந்தது என்று சொல்லவேண்டிய தேவை கதைக்கே இருக்கிறது.

நாவலந்தீவின் ஒரு நிலப்பகுதியான பாரத வருடத்தின் (வருடம் என்பது இங்கே ஆண்டு அன்று, நிலப்பிரிவு) ஒன்பது பிரிவுகளில் எட்டு, புராணங்களுக்குப் பொதுவானவை: இந்திரம், கசேரு, தாமிரபன்னம், கபத்தி, நாகம், சவுமியம், கந்தருவம், வாருணம். ஒன்பதாவதற்கு விஷ்ணு புராணம் தனிப்பெயர் தரவில்லை. கடல் சூழ்ந்த இந்தத் தீவு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. கந்தபுராணத்திலோ பரதன் என்ற மன்னனுக்கு எட்டு மகன்களும் குமரி என்ற ஒரு மகளும் உண்டு. அவன் நாட்டை ஒன்பதாகப் பங்கிட, மகளுக்குக் கிடைத்த பகுதி குமரி கண்டம் ஆயிற்று. அது வேதம் ஓதப்படும், சிவ வழிபாடு நிகழும் நிலம். மற்ற எட்டும் மிலேச்சர் வாழிடம் என்கிறது நூல். கண்டம் என்பது இங்கே துண்டு, பங்கு, அவ்வளவே. கடலில் மூழ்கியது என்ற பேச்சே இல்லை. 

கடல்கோள் வேறொரு மரபுக்கு உரியது. இறையனார் அகப்பொருள் உரை, முதற்சங்கம் இருந்த மதுரையையும் இடைச்சங்கம் இருந்த கபாடபுரத்தையும் கடல் கொண்டது என்கிறது. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் இன்னும் நுணுக்கமாகக் கணக்கே கொடுக்கிறார். பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே 700 காவதம். அதற்குள் ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு, ஏழ்முன்பாலை நாடு, ஏழ்பின்பாலை நாடு, ஏழ்குன்ற நாடு, ஏழ்குணகாரை நாடு, ஏழ்குறும்பனை நாடு என 49 நாடுகள். மதுரை நீங்கலாக, தென்னை, பனை, பாலை, குன்று, கிழக்குக் கரை என்று நிலத்தின் தோற்றத்தாலேயே பெயர்கள் அமைந்துள்ளன. ஆளும் குலத்தின் பெயரால் ஒரு நாடும் இல்லை. எல்லாம் ஏழேழாக வருவதைப் பார்த்தால் அளந்து எழுதிய கணக்காகத் தோன்றவில்லை. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்: கடாரம், இலங்காசோகம், மானக்கவாரம், இலாமுரிதேசம் ஆகியவை கப்பலோட்டிகள் காதால் கேட்டுத் தமிழாக்கிய ஊர்ப்பெயர்கள், அவற்றில் ஒழுங்கு எதுவும் கிடையாது.

உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையோடு பதிப்பித்தபோது 49 நாடுகளும் அச்சேறின. அதற்குள் ஐரோப்பாவில் வேறொரு கண்டம் உருவாகியிருந்தது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் இருப்பதை விளக்க, பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் 1864இல் ஒரு மூழ்கிய நிலத்தை ஊகித்து, லெமூர் என்ற விலங்கின் பெயரால் அதை லெமூரியா என்றார். தமிழறிஞர்கள் அதையும் கடல்கொண்ட தென்னாட்டையும் ஒன்றாகக் கண்டனர். வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார் 1903இல் வெளியான ‘தமிழ்மொழியின் வரலாறு’ நூலில் குமரிநாடு என்றே எழுதினார். நாடு கண்டமானது 1930களில். அதற்குள் ஆசியாக் கண்டம், ஆப்பிரிக்காக் கண்டம் என்று பள்ளிப் பாடங்கள் பழக்கிவிட்டிருந்தன. பரதன் மகளின் ஒன்பதில் ஒரு பங்கு பெருங்கடல் அளவுக்கு விரிய அந்தப் பழக்கம் போதுமானதாக இருந்தது. மிலேச்சரை விலக்கி வேதம் ஓதிய நிலத்தின் பெயர், வடமொழிக்கு முந்திய தமிழ்த் தாயகத்தின் பெயராக மாறியது இந்த வரலாற்றின் பெரிய முரண். 1981இல் மதுரை உலகத் தமிழ் மாநாட்டில், தமிழக அரசின் நிதியில் ப. நீலகண்டன் இயக்கிய குமரிக்கண்ட ஆவணப்படம் திரையிடப்பட்டது.

லெமூரியாவை அறிவியல் அதற்கு முன்பே கைவிட்டுவிட்டது. 1960களில் நிலைபெற்ற புவித்தட்டுக் கோட்பாட்டின்படி, இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து, ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. நடுவில் எதுவும் மூழ்கத் தேவையில்லை. கடைசிப் பனியூழியில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அப்போது பாக் நீரிணை தரையாக இருந்தது. கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழம் குறைந்த ஒரு பட்டை வெளியே தெரிந்திருக்கும். 49 நாடுகளுக்கு அதில் இடம் போதாது.