ஊசிக்குத்துக் காயம்: கண்டி மருத்துவ மாணவர் பயிற்சியில்

நோயாளியின் குருதி பட்ட ஊசியோ கத்தியோ மருத்துவப் பணியாளரின் தோலைத் துளைப்பது ஊசிக்குத்துக் காயம். கண்ணிலோ வாயிலோ குருதியும் பனிக்குடநீரும் தெறிப்பதும் இதனோடு சேர்த்தே பேசப்படும். கண்டிப் பகுதியில் 1962இல் தொடங்கிய பேராதனை மருத்துவ பீடத்தின் மாணவர்கள், கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் கைபழகும்போது இதற்கு ஆளாக நேர்கிறது.

இதன் வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு மாணவர் இருக்கிறார். 1847இல் வியன்னாவில் பிரேதப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி, சட்ட மருத்துவப் பேராசிரியர் யாக்கோப் கொலெச்காவின் விரலைக் கீறியது. சில நாட்களில் குருதி நஞ்சாகி, மார்ச் மாதம் அவர் இறந்தார். பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மாரின் உடலில் கண்ட அதே மாற்றங்கள் தன் நண்பர் கொலெச்காவின் உடலிலும் இருந்ததை, அங்கே பிரசவ வார்டு மருத்துவராயிருந்த இக்னாஸ் செம்மல்வைஸ் அறிந்தார். பிரேத அறையிலிருந்து வரும் மாணவர்கள் குளோரின் நீரில் கைகழுவியே பிரசவ வார்டுக்குள் வரவேண்டும் என்று மே மாதத்தில் விதித்தார். மருத்துவ உலகம் அவரை நம்பப் பல ஆண்டுகள் எடுத்ததுதான் வேதனை.

ஊசிக்குத்துவழி எச்.ஐ.வி. தொற்று 1984இல் முதன்முதலாகப் பதிவானது. யாருடைய குருதியையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாளும் முறையை 1987இல் அமெரிக்கா வகுத்தது. தொற்றுள்ள நோயாளியின் ஊசி குத்தினால் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு சுமார் 0.3 வீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெப்படைட்டிஸ் பி பரவும் வாய்ப்போ 6 முதல் 30 வீதம். எனவே அந்தத் தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் முடிக்காத மாணவரை வார்டுக்கு அனுப்பவே கூடாது.

குருதி எடுத்த ஊசிக்குத் திரும்ப மூடி போடும் கணமே பொல்லாதது. இடக்கையில் விரல்நுனி அளவு மூடி, வலக்கையில் ஊசி. பக்கத்துக் கட்டிலில் யாரோ கூப்பிட, மாணவி திரும்புகிறார். ஊசி மூடியின் விளிம்பில் வழுக்கிப் பெருவிரலில் ஏறுகிறது. கையுறைக்குள் சிவப்பாக ஒரு பொட்டு. மூடாமல் நேரே கூர்பொருள் பெட்டியில் போட்டிருந்தால் இது நேர்ந்திராது.

குத்திய இடத்தைப் பிதுக்கக் கூடாது. சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கழுவ வேண்டும். தெறித்த கண்ணுக்கு வெறும் நீர் போதும். பிறகு உடனே வார்டு வைத்தியரிடம் சொல்ல வேண்டும். ஏச்சுக்குப் பயந்து மறைக்கும் மாணவர் இழப்பது நேரத்தை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள், பிந்தினாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் விழுங்க வேண்டும். இன்று அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் அது இலவசம். கண்டியிலும் ஒன்று உண்டு.