ஆட்டோ இன்கிரிமென்ட் திறவுகோல்

உறவுசார் தரவுத்தளத்தின் அட்டவணையில் புதிய பதிவு சேரும்போது, அதை அடையாளம் காட்டும் முதன்மைத் திறவுகோல் எண்ணைத் தரவுத்தளமே வழங்கும் ஏற்பாடு ஆட்டோ இன்கிரிமென்ட் எனப்படுகிறது. மைஎஸ்க்யூஎல்லில் இதே பெயர். எஸ்க்யூஎல் சர்வரில் ஐடென்டிட்டி. போஸ்ட்கிரெஸில் நெடுநாள் சீரியல் வழங்கிவந்தது. 2017இல் வந்த 10ஆம் பதிப்பு முதல் ஐடென்டிட்டியும் உண்டு. ஆரக்கிளில் சீக்வென்ஸிலிருந்து எண் எடுப்பதே வழக்கம். 12சி பதிப்பில்தான் ஐடென்டிட்டி சேர்ந்தது.

அடையாளத்துக்குப் பெயரோ தொலைபேசி எண்ணோ போதாதா? அவை மாறக்கூடியவை. இருவருக்கு ஒன்றாகவும் அமையலாம். வேறெந்தப் பொருளும் இல்லாத வெறும் எண்ணுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

இருப்பதிலேயே பெரிய எண்ணைப் பார்த்து ஒன்றைக் கூட்டிக்கொண்டால் போதாதா என்று புதிதாக நிரல் எழுதுவோர் கேட்பதுண்டு. ஒருவர் மட்டும் பயன்படுத்தும்வரை போதும். இரண்டு இணைப்புகள் ஒரே கணத்தில் கேட்டால் இரண்டுக்கும் 500 என்றே விடை வரும். இரண்டும் 501ஐ எழுதப் போகும். ஒன்று பிழையாகித் திரும்பும். தரவுத்தளத்தின் எண்ணி அப்படியல்ல. கேட்கும் ஒவ்வொருவருக்கும் வேறு எண் தரும். தந்ததைத் திரும்ப வாங்காது. 501ஐப் பெற்ற பரிவர்த்தனை ரோல்பேக் ஆகி ரத்தானாலும் அடுத்தவருக்கு 502தான். திரும்ப வாங்குவதென்றால் முன்னவர் முடிக்கும்வரை பின்னவர் எல்லாரும் காத்துக்கிடக்க வேண்டும். ஆகவே நடுவே விடுபடும் எண்கள் பழுதல்ல, வேகத்துக்காகத் தெரிந்தே விட்டவை.

இதை அறியாமல் இந்த எண்ணையே பில் எண்ணாக அச்சிடுவது ஆபத்து. இந்தியாவின் மத்திய ஜிஎஸ்டி விதி 46, பில் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்கிறது. அதற்குப் பூட்டுடன் கூடிய தனி எண்ணி வைப்பதே முறை.

தந்த எண்ணை மறுபடி தராதிருப்பதில் மைஎஸ்க்யூஎல்லே நெடுநாள் தடுமாறியது. அதன் இன்னோடிபி எஞ்சின் 8.0 பதிப்புக்கு முன் எண்ணியை நினைவகத்தில் மட்டுமே வைத்திருந்தது. சர்வர் மறுபடி தொடங்கியதும் அட்டவணையில் எஞ்சியுள்ள பெரிய எண்ணிலிருந்து மேலே எண்ணும். கடைசிப் பதிவான 900ஐ அழித்துவிட்டு சர்வரை நிறுத்தித் தொடங்கினால், அதே 900 வேறொரு பதிவுக்குப் போகும். பழைய 900ஐக் குறித்துவைத்த வேறொரு கோப்பு இப்போது சம்பந்தமே இல்லாத ஆளைக் காட்டும். 2003இலேயே புகாராகப் பதிவான இந்தக் குறை 2018இல் 8.0 வந்தபோதுதான் தீர்ந்தது. எஸ்க்யூலைட்டிலும் ஆட்டோ இன்கிரிமென்ட் என்ற சொல்லை வெளிப்படையாகச் சேர்க்காவிட்டால், அழித்த கடைசி எண் மறுபடி வழங்கப்படலாம்.

எண்ணுக்கு எல்லையும் உண்டு. குறியுடைய 4 பைட் முழு எண் 2,14,74,83,647இல் முடியும். 2018 நவம்பரில் பேஸ்கேம்ப் சேவையின் ஓர் அட்டவணை இந்த எல்லையைத் தொட்டது. ஏறத்தாழ 5 மணி நேரம் பயனர்கள் படிக்க முடிந்ததே தவிர எழுத முடியவில்லை. அட்டவணை பெரிதான பிறகு திறவுகோலின் வகையை மாற்றுவது நெடுநேர வேலை. பதிவுக்கு 4 பைட் கூடினாலும் தொடக்கத்திலேயே 8 பைட் பிக்இன்ட் வைப்பது நல்லது.

பல சர்வர்கள் ஒரே சமயத்தில் எழுதும் இடங்களில், இரண்டு சர்வர்களானால் ஒன்றுக்கு ஒற்றைப்படை, மற்றதற்கு இரட்டைப்படை என்று மைஎஸ்க்யூஎல்லில் பிரித்துக் கொடுக்கலாம். அதுவும் போதாதபோது யூயூஐடி என்ற 128 பிட் அடையாள எண் பயன்படுகிறது. 2024இல் தரப்படுத்தப்பட்ட அதன் 7ஆம் வகை, நேரத்தை முன்பகுதியில் வைப்பதால் ஏறத்தாழ உருவான வரிசையிலேயே அமையும்.