பணத்தை நம்பாதவர் தொடங்கிய கிளப்

கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் ஆல்டேர் 8800 கணினியைப் பார்த்தேன். திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகளும் சிறு விளக்குகளும்தான். ஆனால் 1975இல் நானூறு டாலருக்கும் குறைவாக உதிரிபாகங்களை வாங்கி அதை வீட்டிலேயே பூட்டிக்கொள்ள முடிந்தது.

அந்தப் பெட்டியைப் பார்க்கத்தான் அவ்வாண்டு மார்ச் 5 அன்று, மென்லோ பார்க்கில் கோர்டன் ஃப்ரெஞ்ச் வீட்டு கராஜில் முப்பது பேருக்குமேல் கூடினார்கள். ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் அன்று பிறந்தது.

ஃப்ரெஞ்சோடு சேர்ந்து அதைத் தொடங்கியவர் ஃப்ரெட் மூர். இவர் பொறியாளர் அல்லர், போர் எதிர்ப்பாளர். மாணவர்களுக்குக் கட்டாய ராணுவப் பயிற்சி கூடாதென்று 1959இல் பெர்க்லி பல்கலைக்கழகப் படிகளில் உண்ணாவிரதம் இருந்தார். அப்போது அவருடைய தந்தை விமானப்படை அதிகாரி. பிற்பாடு ராணுவத்தில் சேர மறுத்துச் சிறைக்கும் போனார். பணத்தின்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆட்களை ஆட்களோடு சேர்த்துவைக்கும் கருவியாகவே கணினியைப் பார்த்தார்.

தெரிந்ததைப் பகிர்வதே கிளப்பின் வழக்கம். முதல் கூட்டத்துக்கே வந்த ஸ்டீவ் வாஸ்னியாக், பின்னர் தன் ஆப்பிள் 1 கணினியின் சர்க்யூட் வரைபடங்களை அங்கே இலவசமாகக் கொடுத்தார். 1976 ஏப்ரலில் அது நிறுவனமாயிற்று. ஆல்டேருக்கான பேசிக் மென்பொருளின் நாடாவும் அங்கே பிரதி எடுக்கப்பட்டுக் கைமாறியது. அதைத் திருட்டு என்று கண்டித்து 1976 பிப்ரவரியில் பகிரங்கக் கடிதம் எழுதினார் இருபது வயது பில் கேட்ஸ். மூரோ தொடங்கிய சில மாதங்களிலேயே கிளப்பை விட்டு விலகிவிட்டார். 1997இல் சாலை விபத்தில் இறந்தார்.

நான் மென்பொருள் ஆலோசகன். தெரிந்ததை மணிக்கணக்கில் விற்றுப் பிழைக்கிறவன். கேட்ஸின் கடிதத்தில் உள்ள நியாயம்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் நான் அன்றாடம் பயன்படுத்தும் நிரல்களில் பாதிக்குமேல் முகம் தெரியாத யாரோ சும்மா கொடுத்தவை. அந்தக் கடனை எந்தப் பில்லிலும் நான் எழுதியதில்லை.

போன மாதம் வேறொரு குழுவிலிருந்து ஓர் இளைஞர் சந்தேகம் கேட்டார். கால் மணி நேரம் விளக்கினேன். பழக்கதோஷத்தில் நேரக்கணக்கில் அதைக் குறித்தும்விட்டேன். பிறகு மூர் நினைவுக்கு வந்தார். அழித்துவிட்டேன்.