பொந்தியானாக்: பழைய படமும் புதிய படமும்

மலாய்க் கம்பங்களில் வழிவழியாகச் சொல்லப்படும் பேய்க் கதைகளுள் முதலிடம் பெறுவது பொந்தியானாக் கதை. பிள்ளைப் பேற்றின்போது உயிர் நீத்த பெண், நீண்ட கூந்தலோடும் வெண்ணிற ஆடையோடும் திரும்பி வருவாள். அவள் வருமுன் மலர் மணம் கமழும். பிடரியில் ஆணி அறைந்தால் அடங்கி, அழகிய மங்கையாகிவிடுவாள் என்பன அந்நம்பிக்கையின் கூறுகள். இது நமக்கு முற்றிலும் புதியதன்று. தமிழ்நாட்டிலும் சூலுடன் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நாட்டுவது வழக்கமாக இருந்தது. கணவனால் கொலையுண்டு பேயாகி வந்து பழிதீர்த்த பழையனூர் நீலியையும் நாம் அறிவோம். ஆகவே பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வாழும் தமிழர்க்குப் பொந்தியானாக் அயலாள் அல்லள்.

வாய்மொழியில் உலவிய இந்தப் பேயை வெள்ளித்திரைக்குக் கொண்டுவந்த புகழ்பெற்ற படம் 1957ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெளியான 'பொந்தியானாக்'. மலாயா விடுதலை பெறுவதற்கு நான்கு மாதங்களே இருந்த காலம் அது. படத்தைத் தயாரித்தது சிங்கப்பூரின் கேத்தே–கெரிஸ் நிறுவனம். கோலாலம்பூரில் பிறந்த லோக் வான் தோவும், ஹோ ஆ லோக் என்பவரும் இணைந்து 1953இல் தொடங்கிய நிறுவனம் இது. மலாய்ப் படமாயினும் அதை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ். அந்நாளில் மலாய்ப் படவுலகில் பி. எஸ். ராஜான்ஸ், எல். கிருஷ்ணன் முதலிய இந்திய இயக்குநர்கள் பலர் பணியாற்றினர். பேயாக நடித்தவர் மரியா மெனாடோ.

அப்படத்தின் கதையைச் சுருக்கமாகக் காண்போம். கூன் விழுந்து அழகற்றவளாக வாழ்ந்தவள் ஒரு பெண். அவள் பெயரோ சோமெல். மலாய் மொழியில் அச்சொல்லுக்கு அழகு வாய்ந்தவள் என்று பொருள்! தன்னை வளர்த்த முதியவர் இறந்தபின், அவர் விட்டுச்சென்ற நூலில் கண்ட மந்திர மருந்தைப் பருகிப் பேரழகியாகிறாள். ஆனால் மனித இரத்தத்தைச் சுவைக்கலாகாது என்பது நிபந்தனை. அவளுக்கு மணமாகிறது, மகளும் பிறக்கிறாள். ஒருநாள் கணவனைப் பாம்பு தீண்ட, அவன் உயிரைக் காக்க வேண்டி நஞ்சை வாயால் உறிஞ்சுகிறாள். நாவில் இரத்தம் படுகிறது. பேயாக மாறிய அவள், தான் காக்க முனைந்த கணவனையே கொன்றுவிடுகிறாள்.

இக்கதையில் கொடியவர் யார் என்று கேட்டால் விடை கூறுவது எளிதன்று. சோமெலுக்கு எவரும் தீங்கு இழைத்து அவளைப் பேயாக்கவில்லை. அழகின்மீது கொண்ட ஆசையும், கணவன்மீது கொண்ட அன்பும், மீறப்பட்ட ஒரு விதியுமே அவளைப் பேயாக்கின. எனவேதான் அன்றைய மக்கள் அவளைக் கண்டு அஞ்சினர். அவளுக்காக இரங்கவும் செய்தனர். படம் பெருவெற்றி பெற்றுக் கேண்டனீஸ் மொழியிலும் பேசியது. அதே ஆண்டில் 'டெண்டாம் பொந்தியானாக்', அடுத்த ஆண்டில் 'சும்பா பொந்தியானாக்' என இரண்டு தொடர்ச்சிகள் வந்தன. போட்டி நிறுவனமான ஷா சகோதரர்களும் 1958இல் 'அனாக் பொந்தியானாக்' எடுத்தனர்.

அறுபதுகளின் இறுதியில் சிங்கப்பூரில் மலாய்ப் படத்தொழில் தளர்ந்தது. அதன் மையம் சிலாங்கூரின் உலு கிள்ளானில் அமைந்திருந்த மெர்டேக்கா படப்பிடிப்பு நிலையத்துக்கு மாறியது. ஆனால் பேய் இடம்பெயரவில்லை. 1975இல் சிங்கப்பூரில் ஒரு பொந்தியானாக் படம் வந்ததன் பின்னர், தணிக்கையின் கெடுபிடியால் மலேசியாவில் பேய்ப் படங்கள் மிக அரிதாயின. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

2004இல் ஷுஹைமி பாபா என்னும் பெண் இயக்குநர் 'பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்' என்ற படத்தை எடுத்தார். 'சுண்டால் மாலாம்' என்பது நிலச்சம்பங்கி மலர். மாயா கரின் நடித்த இப்படத்தின் நாயகி மெரியாம் ஒரு நாட்டியக்காரி. அவள்மீது மோகம் கொண்ட மர்சானி என்பவன், அவள் இணங்காததால் அவளைக் கொல்கிறான். மாண்டவள் பொந்தியானாக் ஆகி, அவனையும் அவன் குடும்பத்தையும் தொடர்கிறாள். இது பழைய கதையின் நேர் மறுபடைப்பன்று. பழைய பேயைப் புதிதாக வார்த்த படைப்பு என்பதே பொருந்தும்.

இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவோம். முன்னதில் பேயானவள், தன் கைக்கு மீறிய விதியின் கைதி. பின்னதில் பேயானவள், நீதி கேட்டு வந்த வழக்காளி. முன்னதில் கொலையுண்ட கணவன் குற்றமற்றவன். பின்னதில் குற்றவாளி உயிரோடு திரியும் ஓர் ஆண். நம் நீலிக்கு நெருங்கியவள் சோமெல் அல்லள், மெரியாமே. 2019இல் சிங்கப்பூரில் கிளென் கோய், கேவின் யாப் ஆகிய இருவரும் இயக்கிய 'டெண்டாம் பொந்தியானாக்' படமும் இவ்வழியே செல்கிறது. 1965ஆம் ஆண்டில் நடப்பதாக அமைந்த அக்கதையில், ஒருவன் முன்பு காதலித்துக் கொன்ற பெண் அவனுடைய திருமணத்தின்போது திரும்பி வருகிறாள். கொடியவன் என்ற பட்டம் பேயிடமிருந்து மனிதனுக்கு மாறிவிட்டது என்பதே இம்மாற்றத்தின் சாரம்.

பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை வெளிப்படையாகப் பேசுவது புதிய படங்களின் சிறப்பு. அதே வேளையில் ஒன்றை இழந்தும் இருக்கிறோம். குற்றவாளி இன்னார் என்று தெரிந்துவிட்டால் பார்ப்பவர் மனம் ஆறிவிடுகிறது. அன்பு செய்த செயலே அழிவாக முடிந்த சோமெலின் துயரத்துக்கோ அத்தகைய ஆறுதல் இல்லை.

இந்த ஒப்பீட்டை நாமே கண்ணால் கண்டு முடிவு செய்ய முடியாது என்பதுதான் வருந்தத்தக்கது. 1957இல் வெளிவந்த முதலிரண்டு படங்களின் சுருள்களும் இன்று கிடைப்பதில்லை. 2019ஆம் ஆண்டுப் படம் தாங்கி நிற்பது, அவ்வாறு மறைந்துபோன இரண்டாம் படத்தின் பெயரையே. மூன்றாவதாகிய 'சும்பா பொந்தியானாக்' மட்டும் எஞ்சியிருக்கிறது. முதற்படத்தின் கதை எழுத்திலும், கண்டவர் நினைவிலும், சில நிழற்படங்களிலுமே வாழ்கிறது. எஞ்சிய கேத்தே–கெரிஸ் மலாய்ப் படங்கள் 91, சிங்கப்பூரின் ஆசியத் திரைப்படக் காப்பகத்தில் பேணப்படுகின்றன. அத்தொகுப்பு 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றது.

மூலம் அழிந்தபின் மறுபடைப்பே மூலமாகிவிடுகிறது. இன்றைய இளைஞர்க்குப் பொந்தியானாக் என்றால் மாயா கரினின் முகமே நினைவுக்கு வரும். மரியா மெனாடோவின் முகம் அவர்தம் பாட்டன் பாட்டியரின் நினைவில் இருக்கலாம். பி. என். ராவ் போன்ற இந்தியக் கலைஞர்களின் உழைப்பும் அச்சுருள்களோடு சேர்ந்தே மறைந்தது. எனவே நம் வீடுகளில் பழைய திரையரங்க விளம்பரத் தாளோ, பாட்டுப் புத்தகமோ, நிழற்படமோ இருப்பின் அதைக் குப்பையென ஒதுக்காதிருப்போம். அக்காலப் படங்களைக் கண்ட முதியோர் இருப்பின், அவர்களிடம் கேட்டு எழுதி வைப்போம். வரலாற்றைக் காப்பதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.