தாம்பரம் வண்டியும் நாள்முறைக் கணக்கும்

பயணத்திற்காகவே பயணம் செய்வோர் சிலரே. பள்ளி, அலுவலகம், சந்தை, மருத்துவமனை ஆகியவை வெவ்வேறிடங்களில், வெவ்வேறு நேரங்களில் இயங்குவதால்தான் மக்கள் வீட்டை விட்டுப் புறப்படுகின்றனர். எளிய இவ்வுண்மை நகரமைப்போர் கணக்கில் இடம்பெற நெடுங்காலமாயிற்று.

தென்னிந்திய ரயில்வே, 1931-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள், சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார வண்டிகளைப் பொதுமக்களுக்காக இயக்கத் தொடங்கிற்று. பாதையின் நீளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரினின்றும் தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் குடியேறியோர் நாள்தோறும் நகருக்குச் சென்று மீளலாயினர். வண்டியின் கால அட்டவணை இல்லங்களுக்கும் அட்டவணையாயிற்று. அடுப்பு மூட்டும் வேளையையும் அதுவே வரையறுத்தது. மீட்டர்கேஜ் வண்டிகள் 2004 ஜூலையில் விடைபெற்று, அகலப்பாதை வந்த பின்னரும் அவ்வழக்கம் மாறவில்லை.

இத்தகைய போக்குவரத்தை அளக்கும் முறையொன்று 1950-களில் சிகாகோ முதலிய அமெரிக்க நகரங்களில் உருவாயிற்று. ஒரு பகுதியினின்றும் எத்தனை பயணங்கள் புறப்படுகின்றன, அவை எங்குச் செல்கின்றன, எந்த ஊர்தியில், எவ்வழியாக என்னும் நான்கு வினாக்களுக்கு அது விடை கண்டது. பயணங்கள் எண்ணப்பட்டன; ஒருவருடைய முழு நாள் எண்ணப்படவில்லை.

ஸ்வீடன் நாட்டுப் புவியியலறிஞர் டார்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட் 1970-இல் வெளியிட்ட கட்டுரை இக்குறையைச் சுட்டிற்று. மனிதனின் நாளை மூன்று தளைகள் பிணிக்கின்றன என்றார் அவர். உறக்கம், உணவு, ஊர்தியின் வேகம் ஆகியவை விதிக்கும் எல்லை ஒன்று. பிறரோடு ஓரிடத்தில் ஒரு நேரத்தில் கூடவேண்டிய கட்டாயம் மற்றொன்று. கதவு திறக்கும், மூடும் நேரங்களை வகுக்கும் அதிகாரம் மூன்றாவது.

சேலையூரிலுள்ள ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு, கிண்டிக்கு வேலைக்குச் சென்று, திரும்பும் வழியில் காய்கறி வாங்கி, மாமியாருக்கு மருந்தும் பெற்று வீடு சேர்கிறார். பள்ளி மணி கால் மணி நேரம் தள்ளிப்போனால் அவர் ஏறும் வண்டி மாறும். பணியிடத்தை அடையும் நேரமும் மாறும். பயணங்களைத் தனித்தனியே எண்ணுவோர்க்கு இச்சங்கிலி புலப்படாது.

எனவே இன்று கணினியில் ஒரு மாதிரி நகரம் அமைக்கின்றனர். மக்கள்தொகைக் கணக்கிற்கு ஒத்த கற்பனைக் குடும்பங்களைப் படைத்து, சில இல்லங்களிலிருந்து பெற்ற நாட்குறிப்புகளைக்கொண்டு ஒவ்வொருவருக்கும் ஒரு நாள்முறை வகுக்கின்றனர். பின்னர் ஒரு வண்டியையோ அலுவலக நேரத்தையோ மாற்றி, யாருடைய நாள் குலைகிறது என்று காண்கின்றனர்.

இதன் தேவையை அண்மைக்கால நிகழ்ச்சியொன்று உணர்த்தும். 2023 டிசம்பர் 30-ஆம் நாள் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டை விட்டு அங்கே இடம்பெயர்ந்தன. தாம்பரத்தார்க்கு முனையம் அருகில் வந்தது; வடசென்னையார்க்கோ ஊருக்குப் புறப்படும் நாளின் கணக்கே மாறிற்று. திறப்பு நாளில் அதனருகே ரயில் நிலையமும் இல்லை.

ஆயினும் இம்மாதிரிக்கு ஓர் எல்லை உண்டு. நாட்குறிப்பில் எழுதப்படாத பயணம் கணினிக்கு இல்லாத பயணமே. ரேஷன் கடைக்கு நடந்து செல்லும் மூதாட்டியும், விடியற்காலையில் பூக்கூடையுடன் வண்டியேறும் பெண்ணும் அதில் விடுபடக்கூடும். ஆதலின், கணக்கெடுப்போர் கதவைத் தட்டும்போது, அலுவலகம் செல்வோரை மட்டுமன்றி வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் வினவுதல் வேண்டும். நாமும் சிறு பயணமென்று எதையும் ஒதுக்காது சொல்லுதல் வேண்டும்.