பார்பிக்யூவும் எங்கள் அடுப்புப் பரணும்

கொடைக்கானலில் இப்போது எந்த விடுதியில் அறை கேட்டாலும் இரண்டு சொற்கள் சேர்ந்தே வரும்: கேம்ப் ஃபயர், பார்பிக்யூ. சனிக்கிழமை ராத்திரி மலைப்பாதையில் வந்தால் வளைவுக்கு வளைவு கோழி தீயும் வாசனை. தகர அடுப்பில் கரி, கம்பியில் குத்திய பிராய்லர் துண்டு, மேலே சிவப்பு மசாலா. அரை மணி நேரத்தில் தட்டுக்கு வந்துவிடும். குளிருக்கு நல்லாத்தான் இருக்கும், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அமெரிக்காவின் தென் மாநிலத்துக்காரர் பலரிடம் இதைக் காட்டினால் பார்பிக்யூ என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் கணக்கில் இது கிரில். தணலுக்கு நேர் மேலே கறியை வாட்டினால் கிரில். தணலைத் தள்ளி வைத்து, மூடிய குழியிலோ இரும்புப் பெட்டியிலோ, மெல்லிய சூட்டிலும் விறகுப் புகையிலும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேகவிட்டால்தான் அது பார்பிக்யூ. அவசரமே கூடாத சமையல்.

இதைப் பற்றித் தேடிப் படிக்கப் போய்த்தான் எங்கள் மலை வீட்டு அடுப்பைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பரண்தான் பார்பிக்யூ

முதலில் அந்தச் சொல். கரீபியன் தீவுகளில் வாழ்ந்த டைனோ பழங்குடிகளின் 'பார்பகோவா' என்ற சொல்லை ஸ்பானியர்கள் எடுத்துக்கொண்டார்கள். அது ஆங்கிலத்துக்குப் போய் பார்பிக்யூ ஆனது. பார்பகோவா என்றால் கறியும் இல்லை, மசாலாவும் இல்லை. நாலு கம்பு நட்டு, மேலே குச்சிகளைப் பரப்பிக் கட்டிய மேடை. கீழே தீ மூட்டி மேலே மீனையும் கறியையும் வைத்தார்கள். அதே மாதிரி மேடையில் தானியமும் சேமித்தார்கள்.

16ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த ஓவியேடோ என்ற ஸ்பானியர் இன்னொரு பயனையும் எழுதி வைத்திருக்கிறார். சோளக்காட்டில் இந்த மேடையைக் கட்டி, அதன்மேல் பிள்ளைகளை உட்காரவைத்துச் சத்தம் போட்டுப் பறவை விரட்டச் சொல்வார்களாம்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது நம்ம பரண் இல்லையா? தினைப்புனத்தில் வள்ளி ஏறி நின்று கிளி ஓட்டிய அதே பரண். குறிஞ்சி நிலத்தின் அடையாளமே அதுதானே! முருகன் வள்ளியைப் பார்த்தது பரண்மேல். அந்த முருகன் குடியிருக்கும் பழனி எங்கள் மலைக்கு அடிவாரத்தில் இருக்கிறது. உலகத்தின் இரண்டு கோடியில் இருந்த விவசாயிகள், ஒருவரை ஒருவர் அறியாமல், நாலு கம்பை நட்டு ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். காட்டில் காவலுக்குப் பரண், வீட்டில் அடுப்புக்கு மேலே பொருள் காய்வதற்குப் பரண்.

ஊருக்கு ஒரு ருசி ஏன் வந்தது

திண்டுக்கல் பிரியாணியா, ஆம்பூர் பிரியாணியா என்று நாம் சண்டை போடுவது மாதிரி அமெரிக்காவில் பார்பிக்யூவுக்குச் சண்டை. நான்கைந்து பெரிய கட்சிகள்.

வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் முழுப் பன்றி. அதற்கு வினிகரும் மிளகாயும் கலந்த தண்ணிச் சாறு மட்டும்; தக்காளி சேர்த்தால் கோபம் வரும். அதே மாநிலத்தின் மேற்கே லெக்சிங்டன் பக்கம் போனால் பன்றியின் தோள்கறி மட்டும், சாற்றில் கொஞ்சம் தக்காளியும் உண்டு. தென் கரோலினாவில் கடுகுச் சாறு. அங்கே குடியேறிய ஜெர்மானியர்கள் கொண்டுவந்த பழக்கம் என்பார்கள். மெம்ஃபிஸில் பன்றி விலா எலும்பு. அதில் உலர் மசாலாவைத் தேய்த்துச் சாறே இல்லாமல் சாப்பிடுகிறவர்கள் உண்டு.

டெக்சாஸ் மாடு மேய்ந்த நாடு. அங்கே மாட்டின் நெஞ்சுக்கறிதான் ராஜா. மத்திய டெக்சாஸில் ஜெர்மானிய, செக் கசாப்புக்காரர்கள் விற்காமல் மிஞ்சிய கறியைப் புகைபோட்டு விற்றார்கள். உப்பும் மிளகும்தான் மசாலா. இன்றைக்கும் பல கடைகளில் தட்டு கிடையாது, கசாப்புக் கடைக் காகிதத்தில்தான் வைத்துத் தருகிறார்கள். கேன்சஸ் சிட்டி ரயில்கள் கூடும் ஊர், பெரிய மாட்டுச் சந்தை இருந்த ஊர். அதனால் எல்லாக் கறியும் உண்டு, மேலே தக்காளியும் வெல்லப்பாகும் சேர்ந்த கெட்டிச் சாறு. அந்த ஊர் பார்பிக்யூவைத் தொடங்கி வைத்தவராகச் சொல்லப்படுகிறவர் ஹென்றி பெர்ரி என்ற கறுப்பினத்தவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கடை போட்டார்.

எனக்குப் பிடித்தது கென்டக்கி மாநிலத்தின் ஓவன்ஸ்போரோ கட்சி. அங்கே செம்மறிக் கறி. 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் கம்பளிக்காக ஆடு நிறைய வளர்த்தார்கள். கம்பளி தந்து ஓய்ந்த கிழட்டு ஆட்டின் கறி சாதாரணமாக வேகுமா? மணிக்கணக்காகப் புகையில் போட்டார்கள், மெத்தென்று ஆனது. எங்கள் மேல்மலை மன்னவனூரிலும் கம்பளி ஆடு இருக்கிறது. மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் அங்கே உண்டு.

கவனித்தால் எல்லாக் கட்சிக்கும் அடிப்படை ஒன்றுதான். இளசான, விலை கூடிய கறிக்கு இவ்வளவு நேரம் தேவையே இல்லை. நெஞ்சுக்கறி, தோள்கறி, விலா, கிழட்டு ஆடு எல்லாம் உழைத்த தசை, சவ்வு அதிகம். மெல்லிய சூட்டில் நெடுநேரம் கிடந்தால்தான் அந்தச் சவ்வு கரைந்து பசை மாதிரி ஆகும். அதாவது மலிவான கறியை விருந்தாக்கும் வழி இது.

அடுத்தது விறகு. கரோலினா, மெம்ஃபிஸ் பக்கம் ஹிக்கரியும் ஓக்கும். மத்திய டெக்சாஸில் போஸ்ட் ஓக் என்ற ஓக் வகை. மேற்கே போகப்போக வறண்ட நிலம், அங்கே மெஸ்கிட். தோட்டத்தைச் சுற்றி எது நின்றதோ அதை வெட்டி எரித்தார்கள். புகையின் ருசி அந்த மரத்தின் ருசி. ஆக, எந்த மரம், எந்த விலங்கு, யார் வந்து குடியேறினார்கள் என்ற மூன்று கேள்விக்கு ஒவ்வொரு வட்டாரமும் சொன்ன பதில்தான் அதன் பார்பிக்யூ.

கொடைக்கானலில் அந்தக் கேள்விகள்

இதே மூன்று கேள்வியை எங்கள் ஊருக்குப் போட்டுப் பார்த்தேன்.

யார் வந்து குடியேறினார்கள்? ஊட்டியை ஆங்கிலேயர் உருவாக்கினார்கள். கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள் அமெரிக்கர்கள். 1834இல் மதுரையில் வேலை தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன், காய்ச்சலிலும் காலராவிலும் ஆட்களை வரிசையாகப் பறிகொடுத்தது. உயிர் பிழைக்க 1845இல் இங்கே இரண்டு வீடுகள் கட்டினார்கள். 1901இல் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் தொடங்கினார்கள். இன்றைக்கு இருக்கும் சர்வதேசப் பள்ளி அதுதான். அப்படியானால் பார்பிக்யூ அவர்களோடு வந்திருக்க வேண்டாமா? வந்த சுவடு எதுவும் என் கண்ணில் படவில்லை. எனக்குத் தோன்றும் காரணம், அந்த மிஷனின் தலைமையகம் பாஸ்டன் என்பதே. குளிரான வடகிழக்கு அது. குழிவெட்டிப் பன்றி சுடும் தெற்கு இல்லை. ரொட்டி, ஜாம், பேரிக்காய், பிளம்ஸ் என்று வெள்ளைக்காரர்கள் பொதுவாகக் கொண்டுவந்தது மட்டும்தான் மலையில் தங்கியது.

என்ன மரம்? இங்கேதான் சங்கடம். மேல்மலையின் புல்வெளியை மூடிக்கொண்டு நிற்பது வாட்டில், யூகலிப்டஸ், பைன். எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. பைன் பிசின் எரிந்தால் புகை கசக்கும், கறியில் கரி படியும். யூகலிப்டஸ் தைலம் எதற்கு ஆகும் என்று உங்களுக்கே தெரியும், கறிக்கு ஆகாது. அதனால் விடுதிகளுக்குக் கரி மூட்டை கீழிருந்து லாரியில் ஏறுகிறது. தமிழ்நாட்டுக் கரி பெரும்பாலும் ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி பக்கத்துச் சீமைக் கருவேலம். இதில் ஒரு வேடிக்கை: சீமைக் கருவேலமும் டெக்சாஸின் மெஸ்கிட்டும் ஒரே குடும்பம், நெருங்கிய பங்காளிகள். மெஸ்கிட் சூடு அதிகம் என்பதால் மேற்கு டெக்சாஸில் சில இடங்களில் தணலுக்கு நேர் மேலேயே கறியை வாட்டுகிறார்கள். பார்பிக்யூ விதிக்கு அவர்கள் விலக்கு. அந்த வகையில் நம்ம விடுதிக் கோழி, தன்னை அறியாமலே டெக்சாஸ் மாடுமேய்ப்பவர்களுக்குச் சொந்தம்!

ஆனால் இந்தக் கோழி சமவெளியிலிருந்து, கரியும் சமவெளியிலிருந்து, மசாலா பாக்கெட்டிலிருந்து. மலையிலிருந்து வருவது குளிர் மட்டும்.

மலையின் பதில்

அப்படியானால் எங்களுக்கென்று ஒன்றும் இல்லையா? இருந்தது. அதற்குப் பெயர் வைத்து விற்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

கறியைச் சுட்டுத் தின்பது தமிழருக்குப் புதிதல்ல. பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டு விருந்தில் கம்பியில் சுட்ட கறியைத் தின்று தின்று, கொல்லை உழுத கொழு மாதிரி பல் மழுங்கிவிட்டதாக ஒரு பொருநர் சொல்கிறார். ஏர் பிடித்தவனுக்கு அந்த உவமை உடனே புரியும். காயவைத்த கறிக்கு 'வாடூன்' என்ற சொல்லும் சங்கப் பாட்டில் இருக்கிறது. அந்த வாடூனின் பேரப்பிள்ளை உப்புக்கண்டம்.

சமவெளியில் உப்புக்கண்டம் வெயிலின் வேலை. ஆட்டுக்கறியை எலும்பு நீக்கி நீளமாகக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்துக் கட்டினால் நாலைந்து நாளில் விறகு மாதிரி காய்ந்துவிடும். எங்கள் கீழ்மலையில் தீபாவளிக்கு ஆடு அறுக்கும் ஐப்பசியில் வெயிலுக்கு எங்கே போவது? அடைமழை, விடிந்தால் மூடுபனி, பத்து நாள் சூரியன் முகமே காட்டாது. வெளியே கட்டினால் பூசணம் பிடிக்கும். அதனால் என் அம்மாச்சி கறிச்சரத்தை அடுப்புப் பரணுக்குக் கீழே கட்டித் தொங்கவிடும். கீழே காப்பிச் செடி கவாத்துக் கொம்பும் கொய்யா விறகும் நாள் முழுக்க மெல்ல எரிந்துகொண்டே இருக்கும். பத்துப் பதினைந்து நாளில் கறி கறுத்து, மேலே புகை பளபளவென்று படிந்துவிடும். அதைத் தட்டிப் போட்டுக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தால் தெரு முனையில் வாசம் வரும். சமவெளி உப்புக்கண்டம் உப்பு ருசி; மலை உப்புக்கண்டம் புகை ருசி. மழை செய்த வித்தியாசம்.

பரணில் கறி மட்டுமா? மேல்மலை பூம்பாறைப் பக்கம் பூண்டைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டுப் புகைபோட்டுத்தான் வைப்பார்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு அது. விதைச் சோளம், பீன்ஸ் விதை எல்லாம் பரணில்தான் பூச்சி அண்டாமல் இருக்கும். டைனோ மக்கள் பார்பகோவாவில் என்னென்ன வைத்தார்களோ, கிட்டத்தட்ட அதெல்லாம்.

தீயின் பக்கத்தில் நின்றவர்கள்

இப்போது அந்தப் பரண்கள் மறைந்துவிட்டன. சிலிண்டர் வந்தது, மேலே கான்கிரீட் வந்தது. 'ஐயோ போச்சே' என்று எழுதினால் நகரத்து நண்பர்கள் ரசிப்பீர்கள். என்னால் அப்படி எழுத முடியவில்லை.

அமெரிக்கக் கதையில் நான் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் பார்பிக்யூ விருந்துகளுக்குப் போனதைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். தென் மாநிலங்களில் தோட்டத்து விருந்து, தேர்தல் விருந்து என்றால் ஊரே கூடும். ஆனால் முதல்நாள் ராத்திரி முழுக்கக் குழி வெட்டி, விறகு பிளந்து, புகையில் நின்று கறியைத் திருப்பிப் போட்டவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளும் அவர்கள் பிள்ளைகளும். அந்தக் கைப்பக்குவம்தான் இன்று மாநிலப் பெருமை. ஆனால் நெடுங்காலம் அவர்கள் பெயர் அதில் இல்லை.

எங்கள் பரணுக்குக் கீழே நின்றது பெண்கள். அவர்களை யாரும் விலைக்கு வாங்கவில்லை. இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஊதுகுழல் பிடித்தே அம்மாச்சிக்குக் கண் மங்கியது. ஐப்பசி வந்தால் இருமல் ஓயாது. கறிக்கு ஏறிய புகைதான் அதன் நெஞ்சுக்கும் ஏறியது. கேஸ் அடுப்பு வந்த அன்றைக்கு எங்கள் அம்மா பரணை இறக்கச் சொன்னதில் எனக்கு வருத்தமே இல்லை.

அதற்காக அந்த வித்தையையும் சேர்த்து இறக்கிவிட வேண்டுமா? வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. வீட்டைவிட்டுத் தள்ளி, காப்பிக் களத்தின் ஓரத்தில், புகைபோக்கியோடு தகரக் கொட்டகை ஒன்று போட்டிருக்கிறேன். தீ மூட்டுவது வெளியிலிருந்து, அதனால் யாரும் புகைக்குள் நிற்க வேண்டியதில்லை. கவாத்துக் கொம்புதான் விறகு. மரம் எதையும் வெட்டுவதில்லை. இந்த வருஷம் பூண்டும் விதையும் போட்டுப் பார்த்தோம், நல்லா வந்தது. ஐப்பசிக்குக் கறிச்சரம் கட்டலாம் என்று இருக்கிறோம். உப்பு எவ்வளவு, எத்தனை விரல் கனத்தில் கீற வேண்டும் என்பதெல்லாம் அம்மாவுக்குத்தான் தெரியும். இந்தமுறை பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளப் போகிறேன், மேலே அம்மாச்சி பெயரைப் போட்டு.